டெல்டா காற்றில் கிட்டாருக்கு லாக்கர் அடிப்பது

டெல்டாவில் கிட்டாருக்கு லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சு அடிக்க நாள் பார்த்தாக வேண்டும். நாள் மட்டுமல்ல, நேரமும். மரவேலை எவ்வளவு சுத்தமாக முடிந்திருந்தாலும் சரி, ஐப்பசி அடைமழையில் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தால், அடித்த சில நிமிடங்களில் பளபளப்பு போய்ப் பால் கலந்த மாதிரி வெள்ளை பூத்துவிடும். பெயின்டர்கள் இதற்கு, லாக்கரை இளக்கக் கலக்கும் தின்னரைத்தான் குறை சொல்வார்கள். மட்டமான தின்னரும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மண்ணில் முதல் காரணம் காற்றில் இருக்கும் ஈரம்.

என்.சி. லாக்கர் என்று கடையில் கேட்டு வாங்கும் நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் காய்கிறது என்றால், அதிலுள்ள தின்னர் ஆவியாகிறது என்று பொருள். வேதிமாற்றம் எதுவும் இல்லை. வேகமாக ஆவியாகும் எதுவும் தான் இருக்கும் இடத்தைக் குளிரவைக்கும். 30 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு காலையில் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராக இறங்கத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 27 டிகிரி. லாக்கர் படலம் 3 டிகிரி குளிர்ந்தாலே காற்றிலுள்ள நீர் அதன்மேல் இறங்கிவிடும். நீர் பட்ட இடத்தில் நைட்ரோ செல்லுலோஸ் கரைசலிலிருந்து பிரிந்து வெள்ளையாக நிற்கும். அதே ஊரில் பங்குனி மதியம் 34 டிகிரி, 50 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் பனிநிலை 22. இப்போது 12 டிகிரி இடைவெளி கைவசம் இருக்கிறது. அந்த இடைவெளிதான் வேலையைக் காப்பாற்றுகிறது. சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. அதைப் பார்க்காமல் டப்பா மூடியைத் திறக்கவே வேண்டாம். 65 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் தாராளமாக அடிக்கலாம். 65 முதல் 75 வரை என்றால் மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் கலந்து அடிக்கலாம். அதற்கு மேல் போனால் வேறு வேலை பாருங்கள்.

மாசியும் பங்குனியும் நல்ல மாதங்கள். சித்திரை, வைகாசியில் ஈரத்தின் தொல்லை குறைவு, வெயிலின் தொல்லை கூடுதல். 38 டிகிரியில் லாக்கர் கன்னிலிருந்து புறப்பட்டுப் பலகையைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடும். பரப்பு சொரசொரவென்று நிற்கும். கத்திரி நாட்களில் காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் நடுவே முடித்துவிடுவது நல்லது. மற்ற நாட்களில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் முற்பகல் பதினொன்று முதல் மாலை மூன்று வரை சரியான நேரம். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கரையோர ஊர்களில் பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் மானியில் எண் ஏறும், அதற்குள் கன்னைக் கழுவி வைத்துவிடுங்கள். புரட்டாசி பாதிக்குப் பிறகு தை பிறக்கும்வரை லாக்கர் வேலையையே எடுக்க வேண்டாம் என்பது எங்கள் முடிவு. அந்த மாதங்களில் மரவேலையைப் பார்க்கலாம்.

ஈரம் தவிர வயலிலிருந்து வரும் தொல்லைகளும் உண்டு. சம்பா அறுவடை மெஷின் பக்கத்து வயலில் ஓடினால் வைக்கோல் தூசு அரைக் கிலோமீட்டர் தாண்டியும் வந்து ஒட்டும். ரைஸ்மில் அருகில் இருந்தால் உமிச்சாம்பல். பயிர் நிற்கும் காலத்தில் மாலை விளக்குப் போட்டால் பச்சைத் தத்துப்பூச்சி கூட்டமாக வரும், லாக்கர் ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் உடனே எடுக்க முடியாது. ஒட்டிய பூச்சியை அப்போதே நோண்டாதீர்கள். காய்ந்த பிறகு உப்புத்தாளில் எடுத்தால் தடமே தெரியாது. தூசு அடங்கத் தரையில் தண்ணீர் தெளிப்பது ஃபர்னிச்சர் பட்டறைப் பழக்கம். சித்திரையில் அது சரி. மற்ற மாதங்களில் நீங்களே ஈரத்தைக் கூட்டுகிறீர்கள். முந்தின நாளே பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு விடுவது மேல்.

இனி மரம். முகப்பலகை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் ஸ்ப்ரூஸ் அல்லது சீடர். முதுகும் பக்கமும் ஈட்டி, மகோகனி, அல்லது பலா. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலா வருவது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே பலாவை மெல்லிய பலகையாக அறுத்துக் கிட்டாரின் முதுகுக்குப் போட்டால் வேலைக்கு நன்றாகவே வரும். ஆனால் பலாவுக்கு இரண்டு குணம். துளை பெரியது, அடைக்காமல் லாக்கர் அடித்தால் ஒரு மாதத்தில் மேற்பரப்பு குழிகுழியாக உள்வாங்கும். அடுத்தது நிறம். புதிதாக இழைத்த பலா எலுமிச்சை மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டால் தேன் நிறமாகிப் பிறகு பழுப்பாகும். ஆகவே பலாவுக்குச் சாயம் ஏற்ற அவசரப்பட வேண்டாம். மரம் தானே வந்து சேரும் நிறம் எந்தச் சாயத்திலும் வராது.

லாக்கருக்கு முன் உடலைக் குறைந்தது பத்து நாள் ஈரம் குறைந்த இடத்தில் வைக்க வேண்டும். மூடிய அலமாரியும் ஒரு சிறிய டீஹியூமிடிஃபையரும் போதும், 45 முதல் 50 விழுக்காட்டில் நிற்கட்டும். ஈரம் குடித்து உப்பிய மரத்தின்மேல் அடித்துவிட்டு, அந்தக் கிட்டார் பிறகு சென்னையில் ஏ.சி. அறைக்குப் போனால் மரம் சுருங்கும். உடலின் விளிம்பில் ஒட்டும் பைண்டிங் பட்டை ஓரத்திலும், இரு பலகை சேரும் நடு ஒட்டிலும் கோடு கோடாகத் தெரிவது அதனால்தான்.

தேய்ப்பது 120ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 150, 180, 220 வரை. எந்த நம்பரையும் தாண்டிப் போகாதீர்கள். 120 விட்ட கீறலை 220 எடுக்காது, லாக்கர் அதைப் பெரிதாக்கித்தான் காட்டும். விளக்கைப் பலகைக்குப் பக்கவாட்டில், ஏறக்குறையப் படுக்கவைத்துப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத குறுக்குக் கீறலெல்லாம் நிழலோடு எழும்பும். ஃபெவிக்கால் வழிந்த இடமும் இப்போதுதான் சிக்கும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் லாக்கருக்குக் கீழே வெளிறிய திட்டாக நிற்கும்.

துளை அடைக்க மெதுவாக இறுகும், தண்ணீர் போல ஓடும் எபாக்ஸிப் பிசின்தான் எங்களுக்குப் பிடித்தது. முதுகிலும் பக்கங்களிலும் கொட்டி, பழைய ஏ.டி.எம். கார்டால் மரத்தின் நரம்புக்குக் குறுக்கே இழுத்து வழித்தெடுங்கள். மேலே படலம் நிற்கக் கூடாது, துளைக்குள் மட்டும் தங்க வேண்டும். 24 மணி நேரம் விட்டு 220இல் மரம் தெரியும்வரை தேய்த்து, இன்னொரு முறை. ஸ்ப்ரூஸ் முகப்பலகைக்கு இது கூடவே கூடாது. அதற்கு அடைக்க வேண்டிய துளையே இல்லை, எபாக்ஸி பட்டால் கறைதான் மிஞ்சும்.

அடுத்து அரக்கு, ஒரு மெல்லிய கோட்டு (பூச்சு). ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில். கடையில் கிடைக்கும் சாதாரணச் செதிலில் மெழுகு இருக்கும். கண்ணாடிப் புட்டியில் கரைத்து இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்தால் மெழுகு கீழே தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். மெழுகோடு அடித்தால் லாக்கர் பிடிக்காது. ஈட்டி மரத்துக்கு இந்தக் கோட்டு கட்டாயம். ஈட்டியின் ஊதாச் சிவப்பு நிறம் தின்னர் பட்டதும் கரைந்து ஓடும். வெள்ளை பைண்டிங்கும் முகப்பலகை ஓரமும் ரோஜா நிறமாகிவிடும். அரக்கைத் துணியில் எடுத்து, பைண்டிங்கிலிருந்து ஈட்டியை நோக்கித் துடைக்க வேண்டும், எதிர்த்திசையில் துணி போகவே கூடாது.

லாக்கருக்கு அடியில் பூசும் சாண்டிங் சீலர் விஷயத்தில் கதவு, கட்டில் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அங்கே மூன்று நான்கு கோட்டு சீலர் ஏற்றி அதன்மேல் லாக்கர் அடிப்பார்கள். சீலர் சுலபமாகத் தேய்வதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் ஸ்டியரேட் மாவு. அது மிருதுவானது, படலத்தை மங்கலாக்கும், மேலே வரும் லாக்கரின் பிடியையும் தளர்த்தும். கிட்டாருக்கு ஒரு கோட்டு, அதையும் பெரும்பகுதி தேய்த்து எடுத்துவிட வேண்டும். அரக்கு சரியாக விழுந்திருந்தால் சீலரே வேண்டாம்.

கம்பிகள் மாட்டும் கட்டையான பிரிட்ஜ் ஒட்டும் இடத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். கம்பிகளின் இழுப்பு முழுவதையும் தாங்குவது அந்த ஒட்டுதான். லாக்கர்மேல் ஒட்டினால் பிரிட்ஜ் ஒரு நாள் லாக்கரோடு சேர்ந்து கழன்று வரும். அரக்குக்கு முன்பே பிரிட்ஜை அதன் இடத்தில் வைத்து, மிகக் கூரான பென்சிலால் லேசாகச் சுற்றி வரைந்து, அந்தப் பென்சில் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி மாஸ்கிங் டேப்பை வெட்டி ஒட்டுங்கள். டேப்பை மரத்தின்மேல் வைத்துக் கத்தியால் வெட்டாதீர்கள். மெல்லிய முகப்பலகையில் மர நரம்பு அறுந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். கண்ணாடியின்மேல் வெட்டி எடுத்து வந்து ஒட்டுவதே முறை. எல்லாக் கோட்டும் முடிந்த மறுநாள் டேப் ஓரத்தைப் பிளேடால் மெல்லக் கீறிவிட்டு, தாழ்வாக மடக்கி இழுத்து எடுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்தால் லாக்கர் சில்லு சில்லாகப் பெயரும். ஃப்ரெட் போர்டை டேப்பாலும், சவுண்ட் ஹோலை உள்ளிருந்து அட்டையாலும் மூடினால் மற்றவை ஆயிற்று.

கன் மேலே கப் வைத்த வகை, 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில். கன்னில் அழுத்தம் 25 முதல் 30 பிஎஸ்ஐ. கம்ப்ரஸர் சிறியதாக இருந்தால் பாதி இழுப்பிலேயே அழுத்தம் விழுந்து பொட்டுப் பொட்டாகத் துப்பும். டெல்டா காற்றை அமுக்கினால் டேங்கில் தண்ணீர்தான் சேரும். தினமும் வேலைக்கு முன்னும் பின்னும் அடி வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள். டேங்கை ஒட்டியே, நீரைப் பிரிக்கும் வாட்டர் டிராப் மாட்டுவது பலர் செய்வது, ஆனால் காற்று அங்கே சூடாகவே இருப்பதால் நீர் முழுதும் பிரியாது. நான்கைந்து மீட்டர் குழாய் போய்க் காற்று ஆறிய பிறகு மாட்டினால்தான் பிடிக்கும்.

கலவை: லாக்கர் ஒரு பங்கு, தின்னர் ஒரு பங்கு. கலவையின் இளக்கத்தை அளக்கும் ஃபோர்டு கப் எண் 4 இருந்தால் 18 முதல் 22 விநாடியில் வடிய வேண்டும். ரிட்டார்டர் சேர்ப்பதானால் தின்னர் அளவில் 5 முதல் 10 விழுக்காடு. அதற்கு மேல் போனால் படலம் வாரக்கணக்கில் இளகியே கிடக்கும். லாக்கரும் தின்னரும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். கன் கழுவ வாங்கும் விலை மலிந்த தின்னரை மறந்தும் கலவையில் ஊற்றாதீர்கள்.

கன் 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், பலகைக்குச் செங்குத்தாக, மணிக்கட்டை வளைக்காமல் கை முழுதும் நகர வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தின இழுப்பில் பாதியை மூடிப் போகட்டும். முதலில் ஓரங்கள், பிறகு பக்கங்கள், பிறகு முதுகு, கடைசியாக முகம். ஒரு நாளைக்கு மூன்று கோட்டு, நடுவே இரண்டு மணி நேரம். மூன்று கோட்டுக்கு ஒருமுறை ஓர் இரவு விட்டு, 320 அல்லது 400 தாளைக் கட்டைமேல் சுற்றி மேடு மட்டும் விழும்படி தேய்க்கவும். மொத்தம் ஒன்பது முதல் பன்னிரண்டு கோட்டு. ஒவ்வொரு புதிய கோட்டும் பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். அதனால்தான் நடுவில் தேய்த்த அடுக்குகளின் கோடு தெரிவதில்லை. ஓரங்களைத் தேய்க்கும்போது கை தானாக நடுங்க வேண்டும், அங்கே இரண்டு இழுப்பில் மரம் வந்துவிடும்.

எவ்வளவு லாக்கர் வாங்குவது என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ட்ரெட்நாட் என்னும் பெரிய வகைக் கிட்டாரின் உடலும் கழுத்தும் சேர்ந்து ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர். காய்ந்த படலம் 0.12 மி.மீ. வேண்டுமென்றால் திடப்பொருள் 60 மில்லி. டப்பாவிலுள்ள லாக்கரில் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குதான் திடம் என்று கொண்டால் 300 மில்லி. கன்னிலிருந்து கிளம்புவதில் மூன்றில் ஒரு பங்கே பலகையில் தங்கும், ஆக 900 மில்லி. தேய்ப்பில் போவதையும் சேர்த்து ஒன்றேகால் லிட்டர் லாக்கர், அதே அளவு கலவைத் தின்னர், கழுவத் தனியாக ஒரு லிட்டர். கனமாக ஏற்றினால் இன்னும் மினுக்கும் என்று நினைக்க வேண்டாம். முகப்பலகை அதிர்ந்துதான் ஒலி பிறக்கிறது. பாரம் கூடக்கூட அந்த அதிர்வு அடங்கும். முகத்துக்கு 0.10 போதும், முதுகுக்கு 0.15 வரை போகலாம். மினுக்கம் கனத்தால் வருவதில்லை, சமமான பரப்பால் வருகிறது.

வெள்ளை பூத்துவிட்டால் பதற வேண்டாம். உடனே இன்னொரு கோட்டு அடித்து மூடுவதுதான் பெரிய தவறு, நீர் உள்ளேயே சிறைப்படும். அப்படியே விட்டு, மறுநாள் வறண்ட மதியத்தில் ரிட்டார்டர் தின்னரை மட்டும் மெல்லிய புகையாக ஒரு சுற்று அடியுங்கள். படலம் இளகி, நீர் வெளியேறி, தெளியும். சில இடம் இரண்டாவது சுற்றுக்குத் தெளியும்.

மீன்கண் எனப்படும் வட்டக் குழிகளுக்குக் காரணம் எண்ணெய் அல்லது சிலிக்கோன். நம் வீடுகளில் முதல் சந்தேகம் தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய்தான். நெற்றி வியர்வையைத் துடைத்த கை பலகையில் படுகிறது, அவ்வளவுதான். அன்றைக்கு எண்ணெய் வைக்காமல், தலையில் துணி கட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வேலைக்கு வாருங்கள். பைக் பாலிஷ், செயின் ஸ்ப்ரே போன்றவை அதே கொட்டகையில் இருக்கவே கூடாது. வழிசல் விழுந்தால் ஈரத்தில் தொடாதீர்கள். இரண்டு நாள் கழித்து ஷேவிங் பிளேடின் இரு முனையிலும் டேப் சுற்றி, நடுப்பகுதியால் மட்டும் மேட்டைச் சீவி எடுத்தால் பக்கத்தில் கீறாது. ஆரஞ்சுத் தோல் போலப் பரப்பு வந்தால் கலவை கெட்டி அல்லது கன் தூரம். ஊசித்துளை வந்தால் ஒரே கோட்டில் அதிகம் ஏற்றியிருக்கிறீர்கள்.

கடைசிக் கோட்டுக்குப் பின் நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிட்டு நான்கு வாரம். வானம் மூடியிருந்தால் ஆறு வாரம். சவுண்ட் ஹோல் பக்கம் மூக்கை வைத்துப் பாருங்கள், தின்னர் வாசம் வந்தால் இன்னும் சுருங்க வேண்டியது பாக்கி இருக்கிறது. வாசத்தோடு பாலிஷ் போட்டால் இன்றைக்குக் கண்ணாடி, அடுத்த மாதம் நரம்பு நரம்பாக எழும். காத்திருக்கும் பொறுமைதான் இந்த வேலையில் மிகக் கடினமானது.

பிறகு வாட்டர் பேப்பர்: 800, 1000, 1200, 1500, 2000. சோப்புத் தண்ணீர் சில துளி போதும். பிரிட்ஜ் பின் துளை, சவுண்ட் ஹோல் ஓரம் போன்று மரம் திறந்திருக்கும் இடங்களில் தண்ணீருக்குப் பதில் மினரல் டர்பன்டைன். ஒரு சொட்டு நீர் உள்ளே போனாலும் ஸ்ப்ரூஸ் உப்பிச் சுற்றிலும் லாக்கர் வெடிக்கும். 2000 முடிந்ததும் பரப்பு முழுதும் ஒரே சீரான மங்கலாக இருக்க வேண்டும், பளிச்சென்ற புள்ளி தெரிந்தால் அங்கே இன்னும் பள்ளம். ரப்பிங் காம்பவுண்டைப் பஞ்சுத் துணியால் கையிலேயே போடலாம். மெஷின் என்றால் குறைந்த வேகம், ஓரிடத்தில் நிற்காமல். சூடேறினால் லாக்கர் இளகி இழுபடும், சரிசெய்ய அந்த இடத்தை மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

பாதுகாப்பில் சமரசம் இல்லை. ஈரமான லாக்கர் மட்டுமல்ல, தரையில் விழுந்து காய்ந்த தூசும் பற்றி எரியும். அந்த இடத்தில் அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவத்தி, பொறி பறக்கும் ஸ்விட்ச் எதுவும் கூடாது. துடைத்த துணியைத் தண்ணீர் வாளியில் போட்டு வெளியே வையுங்கள். துணி மாஸ்க்கும் என்95 மாஸ்க்கும் தின்னர் ஆவியைத் தடுக்காது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடிதான் வேண்டும். சாதாரண டேபிள் ஃபேனை ஆவி வெளியேற்ற வைக்காதீர்கள். மூன்று பக்கமும் திறந்த கொட்டகை, காற்று உங்கள் முதுகிலிருந்து வீச வேண்டும்.

வாங்குபவரிடம் சொல்லி அனுப்ப வேண்டியவை சில உண்டு. கொசுவுக்குக் கையில் பூசும் டீட் கலந்த களிம்பு லாக்கரைக் கரைத்துவிடும், கச்சேரி மேடைக்கு முன் அதைப் பூசிக்கொண்டு கிட்டாரைத் தொட வேண்டாம். சானிடைசரும் அப்படியே. ரெக்சின் பட்டை, ரப்பர் ஸ்டாண்ட் ஆகியவை நாள்பட ஒட்டிப் பிசுபிசுத்துத் தடம் விடும், பருத்தித் துணி சுற்றி வைக்கலாம். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் ஒரு மணி நேரம் கூட வைக்கக் கூடாது.

இவ்வளவு கவனம் கேட்டாலும் பாலியூரித்தேன் என்ற இன்னொரு பூச்சுக்குப் பதில் இதையே தேர்ந்தெடுக்கக் காரணம், பின்னாளில் பழுது பார்க்க முடிவதுதான். எங்காவது இடிபட்டுச் சில்லு பெயர்ந்தால், பள்ளத்தில் ஒரு சொட்டு லாக்கரைப் பல்குச்சி முனையால் விடுங்கள். மறுநாள் அது சுருங்கிக் கீழே போயிருக்கும், இன்னொரு சொட்டு. பள்ளம் நிறைந்து சற்று மேடாகும்வரை இப்படியே. இரண்டு வாரம் கழித்து, டேப் சுற்றிய பிளேடால் சீவி, 1500, 2000, காம்பவுண்ட். புதிய சொட்டு பழைய படலத்தைக் கரைத்து அதோடு கலந்துவிடுவதால் ஒட்டுப்போட்ட ஓரம் தெரியாது. இந்தச் சொட்டு வேலைக்கும் மானியைப் பார்த்து 65க்குக் கீழே இருக்கும் மதியமாகத் தேர்ந்தெடுங்கள்.